2 வயதுக் குழந்தையோடு மஃபின், பிஸ்கட், பன்: மாவு ரப்பராகாமல் இருக்க எந்த வேலையைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்?

#1 மாவுக்கை
குழந்தைக்கு 2¼ வயது. அளவு இதுதான்: மைதா 250 கிராம், பேக்கிங் சோடா 1 தேக்கரண்டி, பழுத்த வாழைப்பழம் 3, முட்டை 2, எண்ணெய் 60 மில்லி, பால் 150 மில்லி, சர்க்கரை 80 கிராம். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி, கலக்குவது முழுக்கக் குழந்தை. 8–10 நிமிடம் ஆகும். 180 டிகிரி, 25 நிமிடம். மேலே கூம்பாக எழும்பி, உள்ளே நீளநீளமாகச் சுரங்கம் ஓடி, கடித்தால் இழுக்கிறது. லேசாகச் சோப்பு வாடை வேறு. அளவில் தவறா, கலக்குவதில் தவறா? குழந்தையைக் கலக்கவே விடாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

#2 தராசுத்தட்டு
இரண்டிலும்தான்.

முதலில் சோப்பு வாடை. ஒரு கப் மாவுக்கு (சுமார் 125 கிராம்) ¼ தேக்கரண்டி சோடா போதும். 250 கிராமுக்கு ½ தேக்கரண்டி. நீங்கள் போடுவது அதுபோல் இரண்டு மடங்கு. வாழைப்பழத்தில் இருக்கும் புளிப்பு அவ்வளவு சோடாவுக்குப் போதாது, பாலிலும் பெரிய புளிப்பு இல்லை. மிஞ்சுகிற சோடாதான் அந்த வாடையும், கருப்படித்த நிறமும்.

அடுத்தது நேரம். சோடா ஈரமும் புளிப்பும் பட்ட கணமே வாயுவை விட ஆரம்பித்துவிடும். 10 நிமிடம் கலக்கினால் பாதி வாயு கிண்ணத்திலேயே போய்விடும். குழந்தை கூட இருக்கும்போது சோடாவை நம்பாமல் இரட்டை வினை பேக்கிங் பவுடர் வாங்குங்கள். அதில் ஒரு பகுதி ஈரம் பட்டதும் வேலை செய்யும், மிச்சம் ஓவன் சூட்டில்தான் எழும். கலவை 20 நிமிடம் காத்திருந்தாலும் மஃபின் எழும்பும். டப்பாவில் ‘டபுள் ஆக்டிங்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

சுரங்கமும் இழுவையும் குளூட்டன் (கோதுமை மாவில் உள்ள புரதம்) வேலை. மாவும் தண்ணீரும் சேர்ந்த பிறகு கலக்கக் கலக்க அது வலை மாதிரி பின்னிக்கொள்ளும். வாயு வெளியேற வழியில்லாமல் உச்சியைப் பார்த்துத் துளைத்துக்கொண்டு போகும். பெரியவர் கையில் 12–15 சுற்றோடு நிறுத்த வேண்டிய கலவை இது. மாவுக் கட்டி அங்கங்கே தெரிந்தாலும் விட்டுவிடலாம், வேகும்போது சரியாகும்.

#3 சின்னக்கரண்டி
தராசுத்தட்டு சொன்னதிலேயே விடை இருக்கிறது. மாவும் ஈரமும் சேருகிற *அந்த ஒரு* கட்டம் மட்டும்தான் கலக்கக் கூடாத கட்டம். மற்றதை எவ்வளவு நேரம் கலக்கினாலும் ஒன்றும் ஆகாது. அதனால் “குழந்தை கலக்கலாமா” என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தக் கிண்ணத்தைக் கலக்கலாம் என்று பிரியுங்கள்.

உலர்ந்த கிண்ணம்: மைதா, பேக்கிங் பவுடர், உப்பு. தண்ணீர் இல்லாத இடத்தில் குளூட்டன் பின்னாது. அரை மணி நேரம் கிளறட்டும். பவுடர் எல்லா இடத்திலும் சீராகப் பரவ, சொல்லப்போனால் நல்லதும்கூட.

ஈரக் கிண்ணம்: வாழைப்பழத்தை மசிப்பது. உருளைக்கிழங்கு மசிக்கும் கட்டையைக் கொடுங்கள், முள்கரண்டியைவிடப் பிடிக்கச் சுலபம். தயிர், எண்ணெய் ஊற்றுவதும் இதில்தான். இதையும் எவ்வளவு அடித்தாலும் கெடாது.

இரண்டையும் சேர்ப்பது நீங்கள். குழந்தை கையில் ஸ்பேச்சுலா இருக்கட்டும், அதன்மேல் உங்கள் கை. “பத்து எண்ணலாம்” என்று ஆரம்பித்துப் பத்தில் நிறுத்திவிடலாம். எண்ணிக்கை முடிந்தது என்றால் இரண்டு வயதுக்கு ஓரளவு புரியும். “போதும்” என்பது புரியாது.

#4 தராசுத்தட்டு
அதற்குத் தோதாக அளவை மாற்றித் தருகிறேன். 12 மஃபினுக்கு:

மைதா 150 கிராம், கார்ன்ஃப்ளார் 40 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தோல் உரித்த, புள்ளி விழுந்து கனிந்த வாழைப்பழம் 300 கிராம், முட்டை 1, எண்ணெய் 80 மில்லி, தயிர் 60 கிராம். சர்க்கரை 0 முதல் 50 கிராம் வரை உங்கள் விருப்பம்.

கார்ன்ஃப்ளாரில் குளூட்டன் கிடையாது. மைதாவில் ஐந்தில் ஒரு பங்கை அதற்கு விட்டுக்கொடுத்தால், குழந்தை பத்துக்குப் பதில் முப்பது சுற்று சுற்றினாலும் மஃபின் மன்னிக்கும். எண்ணெயைக் கூட்டியதும் அதற்காகத்தான். கொழுப்பு பூசிய மாவில் குளூட்டன் மெதுவாகத்தான் பின்னும்.

190 டிகிரி, 18–20 நிமிடம். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வர வேண்டும். உள்சூடு பார்க்கிறவர்கள் 96 டிகிரியில் எடுக்கலாம். சர்க்கரை இல்லாமல் செய்தால் மேலே பொன்னிறம் வராது. நிறத்துக்காகக் காத்திருந்து காயவிட்டுவிடாதீர்கள், அங்கே குச்சிதான் சாட்சி. மறுநாளே உலரவும் செய்யும். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமில்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கிறதும் அதுதான்.

2 வயதுக்குக் கீழே சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் குழந்தை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பழம் நன்றாகக் கனிந்திருந்தால் சர்க்கரை தேவைப்படாது.

#5 குட்டிச்சுவர்
எல்லாம் சரி. அளக்கறது யாரு? ரெண்டு வயசுக்கிட்ட தராசைக் கொடுத்தா மாவு தராசுக்குள்ள இருக்கும்.

#6 சின்னக்கரண்டி
அளப்பது நீங்கள், குழந்தை வருமுன். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். குழந்தையின் வேலை கொட்டுவது மட்டும். மைதாவை மட்டும் 50 கிராம் வீதம் மூன்றாகப் பிரித்துவைத்தால் மூன்று முறை கொட்டலாம். அவர்களுக்கு வேண்டியது அந்த எண்ணிக்கைதான். எண்ணெயை 60 மில்லிக்கு மேல் ஒரு பாத்திரத்தில் கொடுக்காதீர்கள். அகலவாய் டம்ளரைவிட மூக்கு வைத்த சின்ன ஜக் நல்லது.

கலக்கும் கிண்ணம் கலவையைப்போல் மூன்று மடங்கு கொள்ள வேண்டும். 700 கிராம் கலவைக்கு 2 லிட்டராவது. அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுங்கள், கிண்ணம் சுழலாது. கிண்ணம் சுழல்கிறது என்றுதான் குழந்தை இன்னொரு கையால் விளிம்பைப் பிடிக்கும், அதில்தான் கவிழும். நீளக் கரண்டியும் வேண்டாம். பிடி 15–18 சென்டிமீட்டர் இருந்தால் கட்டுக்குள் இருக்கும்.

வெனிலா எசன்ஸ் பாட்டில், பேக்கிங் சோடா டப்பா இரண்டும் மேசையில் இருக்கவே கூடாது. அசல் வெனிலா எசன்ஸில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆல்கஹால். தேவையான அரைத் தேக்கரண்டியைக் கலவையில் நீங்களே விட்டுவிட்டு மூடிவையுங்கள். பட்டைத்தூளும் கோகோவும் ஊதினால் மூச்சுக்குழலுக்குள் போகும். அவற்றை மைதாவோடு கலந்த பிறகே கிண்ணத்தை நீட்டுங்கள்.

#7 குட்டிச்சுவர்
மாவை நக்கும். தடுக்க முடியாது. நாமெல்லாம் பச்சை மாவு தின்னுதானே வளர்ந்தோம், என்ன ஆச்சு?

#8 உமிக்கரி
ஒண்ணும் ஆகலைன்னு சொல்றவங்க எல்லாம் ஒண்ணும் ஆகாதவங்க. ஆனவங்க வேற பக்கம் இருக்காங்க.

மைதா பார்க்க உலர்ந்து சுத்தமா இருக்கும். ஆனா அது பச்சைப் பொருள். வயல்ல இருந்து மில்லுக்கு வர்ற வரைக்கும் கிருமி சாகற அளவு சூட்டை அது பார்க்கறதே இல்லை. 2016ல அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல ஈ.கோலி கிருமி பரவினப்போ காரணம் முட்டை இல்லை, மாவு. குழந்தைங்களுக்கு அந்த வகை ஈ.கோலி சிறுநீரகம் வரைக்கும் போகும். “முட்டை போடலை, அதனால நக்கலாம்” அப்படிங்கறது தப்புக் கணக்கு.

இன்னொண்ணு. மாவை மைக்ரோவேவ்ல, ஓவன்ல வறுத்துட்டா சரியாயிடும்னு நிறைய வீடியோ வருது. வேண்டாம். உலர்ந்த மாவுக்குள்ள இருக்கற சால்மொனெல்லா கிருமி ஈரத்துல இருக்கறதைவிட சூட்டைத் தாங்கும். வீட்டு ஓவன்ல ஒரு ஓரம் கருகும், நடுவுல சூடே ஏறியிருக்காது. அமெரிக்க உணவு மருந்துக் கழகமும் வீட்ல இதைச் செய்யாதீங்கன்னுதான் சொல்லுது.

#9 சின்னக்கரண்டி
தடுப்பதைவிட வரிசையை மாற்றுவது சுலபம். வாழைப்பழமும் தயிரும் மசித்த கட்டத்தில் முட்டையோ மாவோ வந்திருக்காது. அப்போது இரண்டு மேசைக்கரண்டி தனியே எடுத்துக் குழந்தையின் கையில் ‘ருசிக் கிண்ணம்’ என்று கொடுத்துவிடுங்கள். அதை உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, கரண்டியையும் மாற்றிய பிறகு முட்டை. நக்க வேண்டும் என்ற ஆசை பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, ஈரத்தையும் மாவையும் சேர்க்கும்போது குழந்தையின் இன்னொரு கையில் காகித மஃபின் கப்புகளைக் கொடுத்துத் தட்டில் அடுக்கச் சொல்லுங்கள். வாய்க்குப் போகக் கை மிச்சம் இருக்காது.

முட்டை உடைப்பது இரண்டரை வயதுக்கு மேல் கைவரும். நேரே கலவையில் வேண்டாம், அகலத் தட்டில். ஓடு விழுந்தால் உடைந்த ஓட்டின் பாதியாலேயே அள்ளலாம், விரலுக்கு நழுவுவது ஓட்டுக்கு நழுவாது. உடனே சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிவிடுங்கள். துணியில் துடைப்பது கழுவுவது ஆகாது.

#10 மாவுக்கை
தெளிவாக இருக்கிறது. அடுத்த சந்தேகம்: குழந்தையை எங்கே நிற்கவைப்பது? மேடைக்கு எட்டவில்லை, நாற்காலி ஆடுகிறது.

#11 உமிக்கரி
நாற்காலி வேண்டவே வேண்டாம். குழந்தை பின்னாடி சாயும், முன்பக்கம் மேடையை உதைக்கும், நாற்காலி வழுக்கும்.

மூணு பக்கமாவது கம்பி வச்ச ஏணி மேடை கிடைக்குது, லேர்னிங் டவர்னு சொல்றாங்க. வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. குழந்தை நிக்கறப்போ தரையில இருந்து முழங்கை வரை 50 செ.மீ., சமையல் மேடை 88 செ.மீ.ன்னு வச்சுக்கலாம். வேலை செய்யற பரப்பு முழங்கைக்கு 5 செ.மீ. கீழ இருந்தாத்தான் பிசைய, கலக்க முடியும். 88–50+5=43. நிக்கற பலகை 43 செ.மீ. உயரத்துல வரணும். அதைவிடத் தாழ்வா இருந்தா தோளைத் தூக்கிக்கிட்டுக் கலக்கும், ரெண்டு நிமிஷத்துல சலிச்சுப்போய் அழும். நாம குழந்தைக்குப் பொறுமை இல்லைன்னு நினைச்சுப்போம்.

எங்க வைக்கறதுங்கறதுதான் முக்கியம். அடுப்புல இருந்தும் ஓவன் கதவுல இருந்தும் குறைஞ்சது 1 மீட்டர். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) சொல்ற 3 அடி கணக்கு இதுதான். டவர்ல நிக்கற குழந்தையோட கை எட்டற வட்டத்துக்குள்ள கத்தி, கெட்டில் வயர், சூடான டம்ளர் எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் டவரை அறைக்கு வெளிய வைங்க. நாம இல்லாதப்போ அது அடுப்புக்கு ஏணி.

#12 குட்டிச்சுவர்
டவருக்குப் பணம் போடறதைவிடத் தரையில பழைய விரிப்பைப் போட்டு உக்காரவைங்க. விழ உயரம் கிடையாது. கொட்டினா மடிச்சு உதறிடலாம். முட்டையும் மாவும் வர்ற சமையலுக்கு அந்த விரிப்பைத் துவைக்கணும், அவ்வளவுதான்.

#13 உமிக்கரி
இதுல குட்டிச்சுவர் சொல்றது சரி. 2 வயசுக்கு முன்னாடி தரைதான் நல்லது.

#14 நொதி
மஃபினைவிட்டு வேறு பக்கம் பார்ப்போமா? குழந்தை அதிகமாகக் கலக்கும், அதிகமாகப் பிசையும் என்பதே பிரச்சினை என்றால், அதிகமாகப் பிசைந்தால் நன்றாக வரும் பண்டத்தைத் தேர்ந்தெடுக்கலாமே. ஈஸ்ட் பன். குளூட்டன் அங்கே வேண்டியவர்.

8 பன்னுக்கு: மைதா 250 கிராம், தண்ணீர் 155 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் (1 தேக்கரண்டி), உப்பு 3 கிராம், எண்ணெய் 10 கிராம். வழக்கமாக ரொட்டிக்குத் தண்ணீர் மாவின் எடையில் 65 சதவீதத்துக்கு மேல் போவார்கள். இங்கே 62. அதற்கு மேல் போனால் சின்ன விரல்களில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பல குழந்தைகள் தொடவே மறுத்துவிடும்.

உப்பைக் குறைத்ததற்குக் கணக்கு உண்டு. 1–3 வயதுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் உப்புக்குள் என்பது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை (என்.எச்.எஸ்.) சொல்லும் அளவு. ரொட்டிக்கு வழக்கமான 2 சதவீதம் போட்டால் 250 கிராமுக்கு 5 கிராம், ஒரு பன்னில் 0.6 கிராமுக்கு மேல். 3 கிராம் போட்டால் ஒரு பன்னில் 0.4 கிராமுக்குள் நிற்கும். உப்பு குறைந்தால் ஈஸ்ட் வேகமாக ஓடும், மாவும் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஒரு மணி நேரம் ஊற வேண்டியது 45 நிமிடத்திலேயே இரட்டிக்கலாம். கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள்.

தண்ணீர் 35–40 டிகிரி. மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும்.

முதலில் நீங்கள் பிசைந்து ஒன்றுசேர்த்துவிட்டு 15 நிமிடம் மூடி வையுங்கள். அந்த ஓய்வில் மாவு தானே மிருதுவாகும். பிறகு 50 கிராம் உருண்டை ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்து, மீதியை நீங்கள் பிசையுங்கள். எட்டையும் கொடுத்தால் எட்டும் தட்டையாகும். குழந்தையின் உருண்டை மற்றவற்றைவிட மெலிந்திருக்கும். 200 டிகிரியில் மற்றவை 14–16 நிமிடம் என்றால் அதைப் பத்தில் பாருங்கள். தட்டின் விளிம்பில் வைத்தால் எடுப்பது சுலபம். தரையில் விழுந்த உருண்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் தயவு வேண்டாம்.

மேலே முட்டை பூசுவதற்குப் பதில் பால் பூசுங்கள். பிரஷ்ஷை வாயில் வைப்பார்கள், அதுவும் பச்சை மாவில் தொட்ட பிரஷ். அந்தப் பிரஷ்ஷைக் கையில் கொடுக்க வேண்டுமென்றால் உலர்ந்ததாகக் கொடுத்து, வெற்றுத் தட்டில் பூசச் சொல்லுங்கள்.

#15 மாவுக்கை
அச்சு வைத்து வெட்டும் பிஸ்கட்? அது செய்யலாமா? உருட்டுவதற்குள் வெண்ணெய் உருகிவிடுகிறதே.

#16 தராசுத்தட்டு
எடைக்கணக்கில் 1:2:3. சர்க்கரை 50, வெண்ணெய் 100, மைதா 150 கிராம். முட்டையும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. எழும்பாததால் அச்சு வடிவம் அப்படியே நிற்கும். குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல்நுனியால் தேய்த்து உதிர்ப்பது குழந்தைக்குப் பிடித்த வேலை. கொழுப்பு மாவைப் பூசிவிடுவதால் பிறகு உருட்டும்போது கடினமாவதும் குறையும்.

உருகுவதற்குக் காரணம் கைச்சூடுதான். வெண்ணெய் 20 டிகிரியில் குழையும், 32 தாண்டினால் எண்ணெய். குழந்தையின் உள்ளங்கை அதற்கு மேல். மாவைத் திரட்டியதும் உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், பிறகு கல்லாகி உருட்ட முடியாது. இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 6 மில்லிமீட்டருக்கு உருட்டிவிட்டு, தட்டையாகவே தட்டோடு 30 நிமிடம் குளிரவையுங்கள். உருட்டுக்கட்டையின் இருபுறமும் 6 மி.மீ. தடிமன் உள்ள இரண்டு குச்சியை வைத்தால் குழந்தை உருட்டினாலும் அதற்குக் கீழே போகாது. அச்சு மேல்விளிம்பு தடித்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தகர அச்சைத் தலைகீழாக அழுத்தினால் உள்ளங்கை கிழியும்.

வெட்டிய மிச்சத்தைத் திரட்டி ஒருமுறை உருட்டலாம். இரண்டாம் முறை ஒட்டுகிறது என்று மைதா தூவித் தூவி உருட்டினால் பிஸ்கட் காய்ந்து பொடியும். அதற்குப் பதில் இன்னொரு 15 நிமிடம் ஃப்ரிட்ஜ். 165 டிகிரியில் 12–15 நிமிடம். விளிம்பு மட்டும் நிறம் மாறினால் போதும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறியதும் மொறுமொறுக்கும். 6 மி.மீ.க்கு மெலிதான காது, வால் வைத்த அச்சு வேண்டாம். நடு வேகுமுன் வால் கருகும்.

#17 குட்டிச்சுவர்
உப்பு மாவு பொம்மை செய்வாங்களே, அதையும் சமையல் மேசையிலேயே குடுத்துடலாமா? பிஸ்கட் மாவு மிச்சமாகும்.

#18 உமிக்கரி
கூடாது. அதுல மாவுல பாதி அளவு உப்பு. கொஞ்சம் விழுங்கினாலே ரத்தத்துல சோடியம் ஏறும், சின்ன உடம்புக்கு அது ஆபத்து. ஒரு மேசையில திங்கற மாவும் திங்கக் கூடாத மாவும் இருந்தா எது எதுன்னு குழந்தைக்கு எப்படித் தெரியும்?

திங்கற விஷயம் வந்ததால சேர்த்துச் சொல்லிடறேன். முழு முந்திரி, பாதாம் எல்லாம் மஃபின்ல வேண்டாம், பொடிச்சுப் போடுங்க. உலர்திராட்சையை வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊறவச்சு நறுக்கிப் போடுங்க. வீட்ல ஒரு வயசுக்குக் கீழ இன்னொரு குழந்தை இருந்தா தேன் சேர்த்துச் செஞ்ச எதையும் அதுக்குக் கொடுக்காதீங்க. தேன்ல இருக்கக்கூடிய பொட்டுலிசம் (ஒரு நச்சு நோய்) கிருமியோட வித்து ஓவன் சூட்லயும் சாகாது.

#19 சின்னக்கரண்டி
ஓவனை எப்போது போடுவது என்று யாரும் சொல்லவில்லை. செய்முறை எல்லாம் “முதலில் ஓவனைச் சூடாக்கவும்” என்றே ஆரம்பிக்கும். குழந்தையோடு செய்யும்போது அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கலந்து, கப்பில் ஊற்றி, கை கழுவி, குழந்தை அறையைவிட்டுப் போன பிறகு ஓவன். பேக்கிங் பவுடர் கலவை அந்த 15 நிமிடம் தாங்கும். குழந்தையின் கவனம் மொத்தமே சில நிமிடம்தான். அதற்கு ஈடுகொடுக்கும்படி வேலையைப் பிரித்துவைத்தால் ஓவன் சூட்டோடு குழந்தை ஒரே அறையில் நிற்கவே வேண்டியதில்லை.

#20 நொதி
சேர்க்கிறேன்: ஓவனை அணைத்த பிறகும் கண்ணாடிக் கதவு வெகுநேரம் சுடும். விளக்கு அணைந்துவிட்டது என்று விடாதீர்கள். பழத்துண்டு, ஜாம் வைத்த மஃபினும் அப்படித்தான். மேலே ஆறியிருக்கும், உள்ளே சூடு தேங்கியிருக்கும். 15 நிமிடம் வைத்து, பிட்டு நடுவைத் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

#21 உமிக்கரி
சுட்டுட்டா: ஓடற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். சுட்ட இடத்துமேல இருக்கற உடுப்பு தோல்ல ஒட்டாம இருந்தா கழட்டிடுங்க. கொப்புளம் வந்தா, முகம், கை, மூட்டுன்னா நேரா மருத்துவர்.

#22 மாவுக்கை
பேக்கிங் பவுடர், கார்ன்ஃப்ளார் அளவில் செய்து பார்த்தாயிற்று. சுரங்கம் இல்லை. ஒரே ஒரு கேள்வி: பன்னிரண்டில் நாலுதான் செலவாகிறது. மிச்சத்தை?

#23 தராசுத்தட்டு
முழுக்க ஆறவிட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில். –18 டிகிரியில் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். சூட்டோடு பையில் போட்டால் உள்ளே ஆவி படிந்து பனியாகும், இளகும்போது அடி நசநசக்கும். மைக்ரோவேவில் 20–30 விநாடி போதும், பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

அல்லது கலவையைப் பாதியாக்கி ஆறாகச் செய்யுங்கள். முட்டையைப் பாதியாக்கத் திணற வேண்டாம். ஓடு நீங்கிய முட்டை சுமார் 50 கிராம். கலக்கி 25 கிராம் எடுத்துக்கொண்டால் போதும்.